அம்பு ஒட்டிய ஆஸ்பத்திரி

அரசுக் கட்டடங்களைப் பராமரிக்கும் அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கூரை ஒழுகினால் என்ன செய்ய வேண்டும் என்பது எனக்கு மனப்பாடம். ஒழுகுகிறது என்று முதலில் ஒருவர் எழுத வேண்டும். இன்னொருவர் நேரில் போய்ப் பார்த்து, ஒழுகுவது உண்மைதான் என்று எழுத வேண்டும். எந்தத் தலைப்பின் கீழ் ஒழுகுகிறது என்பதை மூன்றாமவர் முடிவு செய்வார். இதற்குள் மழைக்காலம் முடிந்திருக்கும். 'தற்போது ஒழுகவில்லை' என்று எழுதிக் கோப்பை முடித்துவிடலாம். இப்படிச் சுத்தமாக முடிக்கப்பட்ட கோப்புகளுக்காகவே என்னைப் பாராட்டி வழியனுப்பினார்கள்.

ஓய்வு பெற்ற ஆறாம் மாதம் என் அக்கா மகன் வீட்டுக்கு வந்தான். பனியன் கம்பெனி முதலாளி. தாராபுரம் ரோட்டில் அறுபது படுக்கையுள்ள ஓர் ஆஸ்பத்திரியை ஒரு டாக்டரிடமிருந்து வாங்கியிருந்தான். ஏன் வாங்கினான் என்று அவனுக்கே தெரியவில்லை. பக்கத்து இடத்தைப் பார்க்கப் போனவன் ஆஸ்பத்திரியோடு திரும்பி வந்தான் என்பது என் அக்கா சொன்ன விவரம்.

"ஏனுங்க மாமா, ஊட்ல சும்மாதான இருக்கறீங்க?"

"சும்மா இல்லை மாப்பிள்ளை. வருஷத்துக்கு ஒரு தடவை உசுரோட இருக்கறேன்னு சர்டிபிகேட் குடுக்கோணும்."

"அதுக்கு ஒரு நாள் போதுமுங்களே. மிச்ச நாளெல்லாம் நம்ம ஆஸ்பத்திரிக்கு வந்துருங்க. பெசிலிட்டி மேனேஜ்மென்ட் நீங்க பாருங்க."

உள்ளேயிருந்து என் மனைவியின் குரல் வந்தது. "கூட்டிட்டுப் போ கண்ணு. புண்ணியமாப் போகும்."

பெசிலிட்டி என்றால் ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டர், நர்ஸ், மருந்து மூன்றையும் கழித்தால் மிஞ்சுவது. பெருக்குவது, துடைப்பது, படுக்கை விரிப்பு மாற்றுவது, குழாய், மின்விசிறி, லிஃப்ட், குப்பை. இதன் திறனை நான் உயர்த்த வேண்டும். ஒன்றரை மாதத்தில் தரச் சான்று கொடுப்பவர்கள் பார்வையிட வருகிறார்கள்.

"இதுல மார்க் போச்சுன்னா கோயமுத்தூர் ஏஜென்சிகிட்ட மொத்தமாக் குடுத்துடறனுங்க மாமா. அவங்க ஆளு, அவங்க மெஷினு. நம்ம பொம்பளைங்களை நிறுத்திப்போடறதுதான்."

அந்தப் பெண்களுக்குத் தலைவியாக ஒரு சூப்பர்வைசரம்மா இருந்தார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். கல்யாணமாகி இங்கே வந்து, பனியன் கம்பெனி செக்கிங் டேபிள் முன்னால் இருபது வருஷம் நின்றவர். தைத்து வரும் துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் குறை கண்டுபிடிப்பதுதான் செக்கிங். நின்றுகொண்டேதான் பார்க்க வேண்டும். முதல் நாளே புடவையைக் கணுக்காலுக்கு மேல் லேசாகத் தூக்கிக் காலைக் காட்டினார். நரம்புகள் கயிறுபோலச் சுருண்டிருந்தன.

"செக்கிங்ல ஸ்டூல் கிடையாது சார். உக்காந்தா கண்ணு சொக்கிரும்னு சொல்லுவாவ. இங்கன ஒரு நாற்காலி குடுத்திருக்காவ. அதுக்குத்தான் வந்தேன். ஏஜென்சி வந்தா நாற்காலி போயிரும். இந்தக் கால வச்சுக்கிட்டு அந்த டேபிள் முன்னால ஒரு வாரம் நிப்பனா, நீங்களே சொல்லுங்க."

அது நீல நிற பிளாஸ்டிக் நாற்காலி. ஒரு கை உடைந்தது. அதைக் காப்பாற்றுவது என்று அன்றே தீர்மானித்தேன். எனக்குத் தெரிந்த ஒரே வழியில்.

மூன்று நிறச் சீட்டு அச்சடித்தேன். எங்காவது பழுது தெரிந்தால் நர்ஸ் எழுத வேண்டும். வெள்ளை சூப்பர்வைசரம்மாவுக்கு, இளஞ்சிவப்பு ரிப்பேர்காரருக்கு, மஞ்சள் எனக்கு. பழுதின் தன்மை, எப்போதிலிருந்து, உத்தேசக் காரணம், பழுதுக்கும் புகார் செய்பவருக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா என்று பதினோரு கட்டங்கள். கடைசிக் கட்டத்தில் இரண்டு கையெழுத்து.

முதல் வாரம் முப்பத்தொரு சீட்டு வந்தது. இரண்டாம் வாரம் ஒன்பது. மூன்றாம் வாரம் இரண்டு. வரைபடம் போட்டு மருமகனிடம் காட்டினேன். கோடு மலையிலிருந்து உருண்டது போல இறங்கியிருந்தது.

"டிஃபெக்ட் ரேட் இப்படி எறங்கி நான் எங்க கம்பெனியிலயே பார்த்ததில்லீங்க மாமா!" என்றான்.

வெளியே வந்தபோது சூப்பர்வைசரம்மா சொன்னார். "குறை இறங்கல சார். நர்சுங்களுக்குக் கை வலிச்சுப் போச்சு. வாங்க, ஒண்ணு காட்டுதேன்."

இரண்டாம் மாடிப் பெண்கள் வார்டு குளியலறைக்குக் கூட்டிப் போனார். ஒழுகும் குழாய் ஒன்றுக்கு வெள்ளைத் துணியால் கட்டுப் போட்டிருந்தது. கட்டின் மேல் பிளாஸ்திரி. பிளாஸ்திரியின் மேல் தேதியும் நேரமும்.

"அந்தச் சீட்டு எழுதற நேரத்துல கட்டே போட்டுறலாம்னு தோணுச்சுங்க சார்" என்றாள் நர்ஸ். "காலையில மாத்திக் கட்டினேன். ஊறிப் போச்சுங்க."

அன்று மாலை சூப்பர்வைசரம்மா மருமகனின் கம்பெனியிலிருந்து மூன்று ரோல் 'ஆரோ' வாங்கி வந்தார். நகக்கண் அளவு சிவப்பு அம்பு ஸ்டிக்கர். செக்கிங்கில் ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் என்று எதைக் கண்டாலும் அதை நோக்கி ஓர் அம்பு ஒட்டுவார்கள். சரி செய்கிறவர் அம்பைப் பார்த்துச் சரி செய்து, அம்பை உரிப்பார். அம்பில்லாத துணி அயர்னுக்குப் போகும்.

"இங்கயும் அதேதான் சார். நர்சு பாத்தாலும் ஒட்டட்டும், பெருக்குறவ பாத்தாலும் ஒட்டட்டும். ஒட்டுத தேதிய மட்டும் அது மேல பேனாவால போடட்டும். ரிப்பேர்காரர் மேலேருந்து கீழ வரைக்கும் நடந்து வரட்டும். சரி பண்ணினா ஆரோவப் பிச்சு அவரு அட்டையில ஒட்டி, எந்த எடம், எத்தன மணின்னு பென்சில்ல எழுதட்டும்."

"அம்மா, இதுக்கு யார் அனுமதி? ஒட்டினவங்க யாருன்னு எப்படித் தெரியும்? பதிவு எங்க?"

"ஒழுகுத எடத்துலயே ஒட்டியிருக்குலா சார். அதுக்கு மேல என்ன பதிவு?"

முப்பத்துநான்கு வருடப் பணியில் என்னிடம் யாரும் இவ்வளவு ஒழுங்கீனமான கேள்வி கேட்டதில்லை. பதில் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவர் லிஃப்ட் பொத்தானுக்கு ஒன்று ஒட்டிவிட்டுப் போய்விட்டார்.

சொல்லவே மனசில்லை, ஆனால் வேலை நடந்தது. மூன்று மாதமாகக் கிறீச்சிட்ட கதவு வாயை மூடியது. ஆபரேஷன் அறை வாசலில் நின்று நின்று எரிந்த குழல்விளக்கு, ஒழுங்காக எரிந்தது. குழாயின் கட்டுப் பிரிக்கப்பட்டு அது பூரண குணமடைந்தது. ரிப்பேர்காரரின் அட்டைகள் அம்மை போட்டதுபோலச் சிவந்தன. என் மஞ்சள் சீட்டுகளில் பெருக்குகிற பெண்கள் டீ டம்ளர் வைத்தார்கள்.

நாங்கள் மறந்துபோனது, இது திருப்பூர் என்பதை. வேறு ஊரில் நோயாளியைப் பார்க்க வருகிறவர் ஆரஞ்சுப் பழம் கொடுத்துவிட்டு, இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போவார். இங்கே வருகிறவர்களில் பாதிப் பேர் ஏதாவதொரு கம்பெனியில் செக்கிங் பார்த்தவர்கள். மிச்சப் பேர் செக்கிங்கில் மாட்டியவர்கள். நர்ஸ் மேஜையில் அம்பு ரோல் கிடந்தால் அவர்கள் கை சும்மா இருக்குமா?

முதலில் கேன்டீன் சாம்பார் வாளியில் ஓர் அம்பு. அடுத்தது டியூட்டி டாக்டரின் கோட்டு முதுகில், பிரிந்திருந்த தையலை நோக்கி. அவர் அதோடு நாள் முழுக்க ரவுண்ட்ஸ் போனார். குறட்டை விடுகிற ஒருவரின் கட்டில் தலைமாட்டில் பக்கத்துக் கட்டில்காரர்கள் மூன்று ஒட்டினார்கள். மூன்றும் அவர் மூக்கையே பார்த்தன. வெள்ளகோவிலிலிருந்து எக்ஸ்ரே எடுக்க வந்த பெரியவர், அம்புதான் வழி என்று நம்பி நடந்து மூன்று முறையும் ஒரே கக்கூஸ் முன்னால் வந்து நின்றார். "இங்கதான் எடுப்பீங்களா சாமி?" என்று என்னிடம் கேட்டார்.

அதன் பிறகு சர்ஜன் என் அறைக்கு வந்தார். முகம் அம்பைவிடச் சிவப்பாக இருந்தது.

"ஹெர்னியா கேஸ் சார். இன்னிக்குக் கட்டுப் பிரிச்சுப் பார்க்கறேன், தையலுக்குப் பக்கத்துல உங்க ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு!"

போய்ப் பார்த்தோம். நோயாளி கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். பக்கத்தில் அவருடைய மச்சான் கைகட்டி நின்றிருந்தார். முப்பது வருஷ டெய்லராம். காலையில் கட்டு மாற்றும்போது நர்ஸ் மருந்து எடுக்கத் திரும்பிய நேரத்தில் ஒட்டியிருக்கிறார்; அவள் கவனிக்காமல் மேலே கட்டிவிட்டாள்.

"கோவிச்சுக்காதீங்க டாக்டர் சார். மொத நாலு தையல் ஒரே அளவா வந்துருக்குதுங்க. அஞ்சாவது மட்டும் தள்ளிப் போயிருச்சு. எங்க லைன்ல இது பாஸ் ஆகாதுங்க."

"யோவ், இது என்ன பனியனா?"

"பனியனா இருந்தா நானே பிரிச்சுத் தெச்சுருவனுங்களே. மச்சானாப் போயிட்டாருங்க."

சர்ஜன் குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார். ஐந்தாவது தையல் தள்ளித்தான் போயிருந்தது. கூரையைப் பார்த்தபடியே நோயாளி சொன்னார். "பிரிச்சுறாதீங்க சார். நான் பாஸ் பண்ணிக்கறனுங்க."

அன்றே மூன்று பக்கச் சுற்றறிக்கை ஒன்று தயாரித்தேன். யார் ஒட்டலாம், எதில் ஒட்டலாம், எதில் ஒட்டக் கூடாது. மனித உடல் என்று தனியாக ஒரு பத்தி. வரவேற்பறைச் சுவரில் ஒட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன். காலையில் வந்து பார்த்தால் அதில் நான்கு அம்புகள். ஒன்று என் கையெழுத்தை நோக்கி. சூப்பர்வைசரம்மா அதைப் படித்துவிட்டு, ரோலை எடுத்துத் தன் முந்தானையில் முடிந்துகொண்டார். பிரச்சினை தீர்ந்தது. மூன்று பக்கமும் வீண்.

பார்வையிடும் நாள் வந்தது.

மருமகனுக்குத் தெரிந்த பார்வையாளர்கள், பனியன் வாங்க வருகிற வெளிநாட்டு பையர்கள்தான். அவர்கள் வருகிற நாளில் கம்பெனி எப்படி இருக்க வேண்டும் என்பது அவன் ரத்தத்தில் ஊறியது. விடிந்ததும் வந்துவிட்டான். உடைந்த கட்டில்களையும் கிழிந்த மெத்தைகளையும் துணி ஏற்றும் வேனில் போட்டு, மூலனூர் வரை மெதுவாகப் போய் மெதுவாக வரச் சொல்லி அனுப்பினான். பெருக்கும் பெண்களை வரிசையாக நிறுத்தி, கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று, கம்பெனியில் நடத்துகிற அதே பாடத்தை நடத்தினான். கடைசியில் அம்புகளைப் பார்த்துத் தலையில் கைவைத்தான்.

"ஆடிட் அன்னிக்கு டேபிள் மேல ஒரு டிஃபெக்ட் பீஸ் இருக்கலாமுங்களா மாமா? பிய்ங்க, பிய்ங்க!"

அவன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் நகத்தால் உரிக்க ஆரம்பித்தோம். சூப்பர்வைசரம்மா வலிக்கிற காலோடு பின்னாலேயே ஓடி வந்தார்.

"அய்யோ, பிய்க்காதீய! நேத்து சாயந்தரம் ஒட்டுனது. ரிப்பேர்காரர் இன்னும் பாக்கல. எல்லாத்தயும் பிச்சுட்டா எங்கெங்க என்ன இருந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்?"

"சாய்ங்காலம் திருப்பி ஒட்டிக்கலாமுங்க."

"கண்ண மூடிக்கிட்டா குறை போயிருமா முதலாளி?"

"சாய்ங்காலம் வரைக்கும் போனாப் போதுமுங்க" என்றான் மருமகன். சூப்பர்வைசரம்மா சொல்வது சரி என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் உரித்தேன். மேலிடத்து உத்தரவு வாய்மொழியாக வந்தாலும் நிறைவேற்றிவிட்டு, எழுத்துமூலம் பிறகு பெற்றுக்கொள்ளலாம் என்று ஒரு விதி உண்டு.

பார்வையிடச் சென்னையிலிருந்து வந்த அம்மையார் ஒல்லியானவர், கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்தார். என் பதிவேட்டைத்தான் முதலில் கேட்டார். மூன்று நிறத்தையும் வரிசையாக வைத்தேன்.

"போன மாசக் கடைசி வாரத்துல ரெண்டே ரெண்டு புகாரா?"

"ஆமாம் மேடம்."

"அறுபது படுக்கை?"

"ஆமாம்."

"இங்க யாரும் குளிக்கிறதில்லையா?"

அதற்கான கட்டம் என் சீட்டில் இல்லை. வராந்தாவில் பெருக்கிக்கொண்டிருந்த பெண்ணிடம் திரும்பினார். அந்தப் பெண்ணுக்கு அறுபது தாண்டியிருக்கும். "கையுறை குடுக்கறாங்களாம்மா?" என்று கேட்டார். காலையில் படித்த பாடம் முந்திக்கொண்டது.

"எனக்குப் பதினெட்டு முடிஞ்சிருச்சுங்க. ஓவர்டைம் பாக்கறதில்லீங்க."

மருமகன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். அம்மையார் முதல் மாடிக் கழிவறைக்குள் போனார். கைகழுவும் குழாயைத் திறந்தார். பிடி கையோடு வந்துவிட்டது. தண்ணீர் நேராக அவர் முகத்தில் அடித்து, கண்ணாடிச் சங்கிலியை ஒரு சுற்றுச் சுற்றி, பின்னால் நின்ற மருமகனையும் நனைத்தது. அந்தக் குழாயிலிருந்து அன்று காலை இரண்டு அம்புகளை உரித்த நகம் என்னுடையது.

மருமகன் காருக்கு ஓடி ஒரு பண்டல் சாம்பிள் டி-ஷர்ட்டோடு வந்தான். "நல்ல காட்டனுங்க மேடம், தொடைச்சுக்குங்க, எக்ஸ்போர்ட் குவாலிட்டிங்க" என்றான். அந்த நேரத்திலும் அவனுக்குத் துணியைப் பற்றிச் சொல்லத் தோன்றியது. சூப்பர்வைசரம்மாதான் முழங்கை வரை நனைந்து வால்வை மூடினார். மூடிவிட்டு நிமிர்ந்தபோது அவருக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது.

"இதுல ஆரோ இருந்துச்சு மேடம். இவுக ரெண்டு பேரும் காலையில பிச்சுட்டாவ. இல்லன்னா பத்து மணிக்குள்ள சரியாயிருக்கும்."

"என்ன ஆரோ?"

அட்டைகள் வந்தன. அம்மையார் நீல நாற்காலியில் உட்கார்ந்து, ரோஜா நிற டி-ஷர்ட்டைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு அட்டையாகப் படித்தார். எந்த இடம், எந்தத் தேதியில் ஒட்டியது, எத்தனை மணிக்குச் சரியானது. ஒட்டி ஒரு நாளைத் தாண்டிய அம்பு குறைவு. சாம்பார் அம்புகூட இருந்தது. அதற்கு எதிரே ரிப்பேர்காரர், 'என் வேலை அல்ல, சமையல்காரரிடம் சொல்லியாச்சு' என்று எழுதியிருந்தார்.

"இது யாரோட முறை?"

"மாமாதானுங்க..." என்று ஆரம்பித்தான் மருமகன். கீழே நடந்த நல்லது எதுவாக இருந்தாலும் மேலே இருப்பவர் பெயரில் போக வேண்டும் என்பதுதான் நான் அறிந்த நடைமுறை. நானே அப்படி இரண்டு பாராட்டுக் கடிதம் வாங்கியிருக்கிறேன். அன்று என்னவோ வாய் வரவில்லை.

"இந்தம்மாவோட முறைங்க. நான் போட்டது அந்த மூணு கலர் சீட்டு."

அம்மையார் சீட்டுக் கட்டை ஒரு தடவை பார்த்தார். கைக்குட்டை மாதிரி அதை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தார். உறிஞ்சவில்லை. வழுவழுப்பான தாள் வேண்டும் என்று நான்தான் அச்சகத்தில் சொல்லியிருந்தேன்.

மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. அதுவரைக்கும் சூப்பர்வைசரம்மா என்னோடு சரியாகப் பேசவில்லை. நாற்காலியின் உடைந்த கையைச் சணல் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்து எனக்கு இன்னும் சங்கடமாக இருந்தது. கடிதத்தில், ஆய்வன்று குறைகளை மறைத்ததற்காகக் கடுமையான ஒரு பத்தி இருந்தது. பராமரிப்புக்குத் தேவையான மார்க் நூலிழையில் கிடைத்துவிட்டதாக அதற்குக் கீழே இருந்தது. அம்பு முறையை ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதி அனுப்பவும் என்று கேட்டிருந்தார்கள். ஒரு பக்கத்துக்கு மிகாமல் என்பதில் கோடு போட்டிருந்தது. என் சுற்றறிக்கையையும் யாரோ படித்திருக்கிறார்கள்.

மருமகன் கோவை ஏஜென்சிக்காரருக்குப் போன் செய்து வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் மிச்சம். அவன் அறைக்கு வெளியே கண்ணாடிக் கதவோரம் நானும் சூப்பர்வைசரம்மாவும் நின்றோம்.

"வணக்கமுங்க, நல்லா இருக்கறீங்களா? ஊட்ல எல்லாரும் சௌக்கியமுங்களா?" என்று ஆரம்பித்தான்.

ஐந்து நிமிடம் போயிற்று.

"சொல்லிட்டாரா சார்?"

"இன்னும் இல்லை. இப்பத்தான் அங்க மழை பெஞ்சுதான்னு கேக்கறான்."

இன்னும் ஐந்து நிமிடம்.

"இப்ப?"

"அவங்க அப்பாவுக்குக் கண் ஆபரேஷனாம். அதை விசாரிக்கறான்."

"எம்மா! வேண்டாம்னு சொல்ல இத்தன நேரமா?"

அவருக்குத் தெரியாது. எங்கள் பக்கத்தில் ஒருவரிடம் முடியாது என்று சொல்வது, வந்த விருந்தாளியை வாசலோடு அனுப்புவது மாதிரி. வேண்டாம் என்ற சொல்லை எங்கள் ஆட்கள் சோற்றுக்கு மட்டும்தான் பயன்படுத்துவார்கள், அதுவும் மூன்று தடவை போட்ட பிறகு.

இருபது நிமிடம் கழித்து மருமகன் போனை வைத்தான். நெற்றி வியர்த்திருந்தது. "ஒருவழியாச் சொல்லிப்போட்டனுங்க மாமா."

"வேண்டாம்னா?"

"பட்டுனு எப்படிங்க சொல்றது? 'பார்த்துக்கலாமுங்க, இப்ப என்ன அவசரம், நீங்க இருக்கறப்ப எங்களுக்கென்ன'ன்னு சொன்னனுங்க. அவரு நல்லாப் புரிஞ்சுக்கிட்டாருங்க."

"என்ன சொன்னாவ அவுக?" என்றார் சூப்பர்வைசரம்மா.

"திங்கக்கிழமை மெஷினெல்லாம் கொண்டுக்கிட்டு வந்துடறேன்னாருங்க."

சூப்பர்வைசரம்மா கையை நீட்டினார். என்ன கேட்கிறார் என்று புரியாமல் மருமகன் என்னைப் பார்த்தான். அதற்குள் அவர் மேஜைமேல் கிடந்த போனை எடுத்து, வராந்தாவில் இருந்த தன் நாற்காலியில் வந்து உட்கார்ந்து, அதே எண்ணை அழுத்தினார்.

"நான் ஆஸ்பத்திரி சூப்பர்வைசர் பேசுதேன். திங்கக்கிழமை வர வேண்டாம். என்னைக்கும் வர வேண்டாம். வைக்கேன்."

பன்னிரண்டு விநாடி இருக்கலாம். மருமகன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். "அவரு மனசு கஷ்டப்படுவாருங்களே மாமா" என்றான். "ஊட்ல கண்ணு ஆபரேஷன் வேற."

"ஆபரேஷனை இங்கயே வச்சுக்கச் சொல்லுங்க முதலாளி" என்றார் அவர், கால்களை நீட்டிக்கொண்டே. "இப்பதான் எல்லாக் குழாயும் சரியா இருக்கு."